வேலி கட்டிய செடி

வாழ்க்கையில் நான் பல பேரை வெறுத்திருக்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. வெறுக்கத் தகுந்தவர்களாகப் பார்த்துப் பார்த்து என் பக்கமே அனுப்பிக்கொண்டிருந்தது காலம். ஆனால் ஒரு செடியை வெறுத்தது ஒரே ஒரு முறைதான். சாந்தன்பாறைக்குப் போகிற வழியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு எஸ்டேட்டில், பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டின் ஓரத்தில் அது நின்றது. இடுப்பு உயரம், உள்ளங்கை அகலத்துக்கு இலை, கண்பட்டுவிடும் போலத் தழைப்பு. அதைச் சுற்றி மூங்கில் வேலி கட்டி, படலுக்குப் பூட்டும் போட்டு, ‘தாய்ச்செடி’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகையை எழுதியவள் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பத்தாவது தேறிய முதல் பெண் நான். கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு எவ்வளவு மிதப்பாக நடந்தேன் என்று நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மற்ற பெண்கள் சேலை நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகும்போது நான் நோட்டும் பேனாவுமாகப் போவேன். என்னைவிட நாலு மடங்கு வேலை செய்தவர்கள் எனக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். நானும் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பதினாலாம் நம்பர் விதையில் வந்த காடு. எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் மூட்டையில் கொண்டுவந்து முளைக்கவைத்தது. விதையில் வந்த தேயிலை ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒரு செடி ஜனவரியிலேயே கொழுந்து விடும், பக்கத்துச் செடி மார்ச் வரை சோம்பிக் கிடக்கும். மழைக்காலத்தில் கொப்புள நோய் வந்தால் ஒரு நிரையில் நாலு செடியின் இளம் இலை வெள்ளை வெள்ளையாகப் பொரிந்துவிடும், ஐந்தாவதைத் தொடாது. கோடையில் செம்பேன் என்கிற பொடிப் பூச்சி ஏறினால் சில செடி செம்பு நிறத்துக்குப் போகும், சிலது ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். இன்று இதற்கெல்லாம் மரபணு என்று சொல்கிறார்கள். எந்த உடம்பு எதைத் தாங்கும் என்பது விதைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறதாம். கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு அந்த வார்த்தை தெரியாது. எந்தச் செடி எப்படிப்பட்டது என்பது மட்டும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரியின் குணம் தெரிவது போல.

இந்தக் காட்டைத்தான் ஒழித்துக்கட்ட வேண்டும் என்று ஓர் ஆபீசர் வந்து சேர்ந்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். நெல்லும் மாடுமாக இருந்த குடும்பத்துப் பிள்ளை, செடிகளைப் பற்றிப் படித்துவிட்டு மலையேறியவர். முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, சேறு பட்டால் உடனே துடைக்கத் தனியாக ஒரு கைக்குட்டை. பேச்சில் மட்டும் மரியாதை சொட்டும். யாரை வைதாலும் ‘ங்க’ போட்டுத்தான் வைவார். பதினாலாம் நம்பரைப் பார்த்ததும் இது தோட்டமல்ல, சந்தைக் கூட்டம் என்று துரையிடம் சொன்னார். இருப்பதிலேயே நல்ல ஒரு செடியைப் பொறுக்கி, அதிலிருந்து ஒற்றை இலைத் துண்டுகளாக வெட்டி வேர்விடவைத்தால் எல்லாம் அச்சு அசலாக அதே செடியாக வரும், சரிவு முழுக்க அதையே நட்டுவிடலாம் என்றார்.

துரை என்றால் எஸ்டேட் மேனேஜர், வெள்ளைக்காரர் இல்லை. அவர்கள் போய்விட்டிருந்தார்கள். அவர்களுடைய அரைக்கால் சட்டையும் தொப்பியும் மட்டும் மலையை விட்டு இறங்காமல் அடுத்த ஆளின் மேல் ஏறிக்கொண்டன. இந்த துரைக்குத் தேயிலையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் காலையில் எத்தனை மணிக்கு அதைக் குடிக்க வேண்டும் என்பதுதான். ஆபீசர் சொன்னதற்குத் தலையாட்டினார்.

யோசனை தப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல செடியைத் தேர்ந்தெடுத்துத் துண்டு போட்டு வளர்த்த காடுகள் எத்தனையோ இடங்களில் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் அதற்குப் பத்து இருபது செடிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் துண்டு எடுத்து வேறு வேறு மண்ணில் நட்டு, மழையும் வெயிலும் பூச்சியும் பார்க்கவிட்டுச் சில வருஷம் காத்திருக்க வேண்டும். இவருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. அடுத்த பதவி உயர்வுக்குள் சரிவு பச்சையாக வேண்டும்.

மார்ச் மாதத்து வறட்சியில் செடி பொறுக்க வந்தார். நான் நோட்டோடு பின்னால் போனேன். காடு காய்ந்து கிடந்தது, பாதிச் செடிகளில் செம்பேன். மேல் ஓரத்தில், சில்வர் ஓக் வரிசைக்கு அடியில் ஒரு செடி மட்டும் மழைக்காலத்தில் நிற்பது போல் நின்றது. ஆபீசர் அதைக் கண்டதும் கோயிலுக்குள் நுழைந்தவர் மாதிரி நின்றுவிட்டார்.

“இதுதானுங்க செடி” என்றார் துரையிடம். “சுத்தியும் பாருங்க, எல்லாம் செவந்து கெடக்குது. இது மட்டும் எப்படி நிக்குதுன்னு பாருங்க. பொறப்புலயே வந்த கொணமுங்க.”

பிறப்பிலும் வரவில்லை, ஒன்றிலும் வரவில்லை. அது எங்கள் மாட்டுச் சாணத்தில் வந்த குணம்.

அப்பா ஒரு மாடு வைத்திருந்தார். எஸ்டேட்டில் மாடு வளர்க்கப் பாஸ் வேண்டும். எங்கள் லயம் தேயிலைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததால் எங்களுக்குப் பாஸ் கிடையாது. பிடிபட்டால் மாடு பட்டிக்குப் போகும், மாட்டுக்காரன் பெயர் செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் இருந்து வெட்டப்படும். பெயர் போனால் லயத்து அறையும் போச்சு. ஆகவே சில்வர் ஓக் வரிசைக்குப் பின்னால் உண்ணிப் புதரைக் குடைந்து, உள்ளே மாட்டைக் கட்டியிருந்தார். மாட்டை ஒளித்துவிடலாம். சாணத்தை எங்கே ஒளிப்பது? குவித்து வைத்தால் கங்காணி கண்ணில் படும். அதனால் தினம் காலையில் அந்த ஒரு செடியின் தூரைச் சுற்றிக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மேலே சருகைப் போட்டு மூடிவிடுவார். ஐந்தாறு வருஷம் இப்படியே. கோமியமும் கழுவிய தண்ணீரும் அந்தத் தூருக்கேதான். கோடையிலும் காலடியில் ஈரம் வற்றாத செடி தழைக்காமல் என்ன செய்யும்?

லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும். எங்கள் மாட்டுப் பாலைக் குடிக்காத பிள்ளை அங்கே இல்லை. அன்று பக்கத்து நிரைகளில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு, இல்லாத கொழுந்தைத் தேட ஆரம்பித்தார்கள். ஆபீசர் மூக்கை உறிஞ்சி, என்ன வாடை என்று கேட்டார். காட்டுப் பன்றி என்றாள் ஒருத்தி. அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். எருக்குழிப் பக்கத்தில் பூசணிக்கொடி ஏன் தழைக்கிறது என்று கொழிஞ்சாம்பாறையில் தவழுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்த மனிதர் படித்துப் படித்து அதை மறந்துவிட்டார் என்று நினைத்து மனதுக்குள் சிரித்தேன்.

அன்று ஒருத்தி மட்டும்தான் உபயோகமான ஒரு வார்த்தை பேசினாள். பக்கத்து அறையில் இருந்த மதினி. சொந்த மதினி இல்லை, முறை வைத்துக் கூப்பிடுவேன். புருஷனை இழந்தவள், ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்காகத் தினமும் தூக்குச் சட்டியோடு எங்கள் வாசலுக்கு வருவாள். எங்கள் மாட்டையும் காட்டிக்கொடுக்காமல், ஆபீசரையும் குழியில் விழாமல் தடுக்கப் பார்த்தாள்.

“சார், அந்தப் பாறை மேல நிக்கிற சின்ன இலைச் செடியையும் பாத்துருங்க” என்றாள். “எந்த வெயிலுக்கும் வாடாது. இலையக் கடிச்சா நாக்கு இழுத்துக்கிரும், அம்புட்டுத் தொவர்ப்பு. பேனு கிட்ட அண்டாது.”

அவள் கையைக் காட்டிய செடி பாறை இடுக்கில் நின்றது. மண் என்று சொல்ல ஒரு கைப்பிடி இருந்தால் அதிகம். யாரும் அதற்கு எருவும் போட்டதில்லை, தண்ணீரும் ஊற்றியதில்லை. ஆனாலும் அந்த மார்ச்சில் அது கரும்பச்சையாக, தடித்த சின்ன இலைகளோடு உட்கார்ந்திருந்தது. ஊட்டி வளர்த்ததால் தழைப்பது ஒன்று, தாங்குகிற உடம்போடு பிறப்பது வேறொன்று. இரண்டும் அன்று முப்பது அடி தூரத்தில் நின்றன. ஆபீசர் திரும்பியும் பார்க்கவில்லை.

“அந்த எலையப் பறிச்சு எப்பங்க அம்மிணி கூடை நெறையறது?” என்றார். துரை சிரித்தார். துரை சிரித்ததால் கங்காணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. செடிக்கு வெள்ளைப் பெயிண்டில் வளையம் போட்டார்கள். வேலி வந்தது, பூட்டு வந்தது, என் கையெழுத்தில் பலகையும் வந்தது. நர்சரி போட்டார்கள், அதில் என்னை மேற்பார்வைக்குப் போட்டார்கள். உட்கார ஒரு நாற்காலி கொடுத்தார்கள். லயத்தில் பிறந்தவள் ஒருத்தி வேலை நேரத்தில் நாற்காலியில் உட்கார்வது அதுதான் முதல் தடவை. தாய்ச்செடியில் வெட்டிய துண்டுகள் வேர்விட்டன. அவை வளர்ந்ததும் அவற்றிலிருந்தும் வெட்டினோம். மூன்று வருஷத்தில் நர்சரி நிறைந்துவிட்டது. நிழல் பந்தலுக்கு அடியில், வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு எந்தக் கன்றுதான் வளராது? வந்து பார்த்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஆபீசர் அவற்றைக் காட்டிப் பெருமைப்பட்டார். நான் பக்கத்தில் நோட்டோடு நின்று பெருமைப்பட்டேன்.

இந்த மூன்று வருஷத்தில் எனக்குச் சந்தேகம் என்று ஒன்று மிச்சம் இருந்திருந்தாலும் அப்பாவே தீர்த்துவைத்தார். வேலிக்குள் போக முடியாததால் அவர் சாணத்தைப் பத்தடி தள்ளி இன்னொரு செடிக்கடியில் புதைக்கத் தொடங்கினார். நோஞ்சான் செடி அது. இரண்டாம் வருஷமே கொழுகொழுவென்று ஆகி, கொழுந்தெடுக்கிறவள் கைக்கு எட்டாமல் வளர்ந்தது. வேலிக்குள் இருந்த தாய்ச்செடியோ மெல்ல இலை சிறுத்து வெளிறிக்கொண்டு வந்தது. தாய்ச்செடிக்கு வயதாகிவிட்டது என்றார் ஆபீசர். அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிறகு பழைய காட்டைப் பிடுங்கினார்கள். கடப்பாரை போட்டு நெம்பி, வேரோடு இழுத்துக் குவித்து எரித்தார்கள். தெரிந்த முகங்களாகப் பார்த்த செடிகள் விறகாகப் போயின. பாறை இடுக்குச் செடியை மட்டும் பிடுங்க முடியவில்லை. வேர் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. அலுத்துப்போய்த் தரையோடு வெட்டிவிட்டுப் போனார்கள். ஜூன் மழையில் புதுக் கன்றுகளை நட மதினி தலைமையில் பெண்கள் குழு ஒன்றை விட்டார்கள். அவள் நடவில் கெட்டிக்காரி. முதுகில் சாக்குத் துணியைப் போட்டுக்கொண்டு மழையோடு மழையாக, ஒரு கன்றின் வேர்கூட மடங்காமல் நட்டார்கள். சரிவு முழுக்க ஒரே பச்சை, ஒரே உயரம். துரை போட்டோ எடுத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் செம்பேன் வந்தது. முன்பெல்லாம் அது ஒரு செடியில் ஏறும், அடுத்த செடியின் இலை பிடிக்காமல் தாண்டிப் போகும், எங்காவது தடுமாறி நிற்கும். இப்போது தடுக்க யாருமில்லை. முதல் கன்று பிடித்துப்போனால் கடைசிக் கன்றும் பிடித்துப்போனது மாதிரிதான், எல்லாம் ஒரே உடம்பு. கீழ் ஓரத்தில் தொடங்கி மூன்று வாரத்துக்குள் உச்சிவரை செம்பு நிறமாகிவிட்டது. பேன் விட்டதை வெயில் முடித்தது. அத்தனை செம்புக்கும் நடுவில் ஒரே ஒரு இடத்தில் பச்சை. வெட்டிப்போட்ட பாறைச் செடியின் அடிக்கட்டை துளிர்த்திருந்தது.

ஆபீசர் ஒரு நாள் முழுக்க சரிவில் நடந்தார். மறுநாள் துரைக்குக் காரணம் சொன்னார். பெண்கள் வேரை மடக்கி நட்டுவிட்டார்கள், கன்றுக்கு மறைப்பு சரியாக வைக்கவில்லை, தண்ணீர் ஊற்றாமல் ஏய்த்துவிட்டார்கள். நடவுக்குப் பொறுப்பு மதினி. அவள் பெயரை வெட்டுவதென்று முடிவானது. பெயர் போனால் அறை போகும் என்று முன்பே சொன்னேன். அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் மலையில் வேறு கூரை இல்லை.

ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். என் கையெழுத்துக்காக என்னையும் உட்காரவைத்தார்கள், நடப்பதை எழுத. மதினி மேசைக்கு எதிரே நின்றாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவளுக்கு. அந்தச் செடிக்கடியில் தோண்டிப் பாருங்கள் என்று சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. நட்டதில் குறையில்லை என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. மாடு உன் வீட்டு மாடு, சொல்வதும் விடுவதும் நீ என்று விட்டுவிட்ட பார்வை.

நான் நோட்டைப் பார்த்தேன். பெயர் வெட்டப்பட்டது என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அவள் பக்கம் நோட்டைத் திருப்பி, எங்கே ஒப்பு போட வேண்டும் என்று விரலால் காட்டினேன்.

அப்பாவைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அப்பாவைப் பற்றிய பயம் இருந்தது உண்மை. ஆனால் அந்த நிமிஷம் எனக்குக் கண்ணில் தெரிந்தது நர்சரி நாற்காலி. மாட்டைப் பற்றிச் சொன்னால், மூன்று வருஷம் தெரிந்தே எழுதினாயா என்ற கேள்வி வரும். அதோடு நாற்காலியும் போகும்.

மதினி சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போனாள். போகிற அன்று காலையில் தூக்குச் சட்டியோடு வந்தாள். பால் வாங்க அல்ல. அந்தச் சட்டி எங்களுடையது, திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. “மாட்ட வித்துறாதீக” என்றாள் என்னிடம். “அது என்ன பாவம் பண்ணுச்சு.” சட்டியை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நாலே மாதத்தில், பால் வற்றியதும் அப்பா மாட்டை விற்றுவிட்டார்.

மறைக்க மாடு இல்லை என்றான பிறகு எனக்கு வீரம் வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் நர்சரிக்கு வந்த ஆபீசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாடு, சாணம், குழி, அப்பா எல்லாம். அந்த ஆளின் முகம் விழுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியுமுங்க அம்மிணி” என்றார். “வேலிக்குக் குழி போடறப்பவே எரு வந்துச்சு. எங்கூட்டுல எட்டு மாடு. எனக்குத் தெரியாதுங்களா?”

பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அதுக்குள்ள தொரைக்கு எழுதிப் போட்டுட்டேனுங்களே. செடிக்குப் பூட்டு எதுக்குன்னு நெனச்சீங்க?”

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. நான்கு வருஷமாக அந்த மனிதரை மடையன் என்று நினைத்து அலட்சியமாகப் பார்த்து வந்திருக்கிறேன். அவர் மடையன் இல்லை. நான் எதுவோ அதுதான் அவர். ஒரே செடியில் வெட்டிய இரண்டு துண்டுகள்கூட இவ்வளவு ஒத்துப்போகாது. மதினியைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பாறைச் செடி எங்கே என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக் கடித்து, முகத்தைச் சுளித்து, தலையாட்டினார். அந்த வாரமே அதில் துண்டு வெட்டினோம். இந்த முறை அவர் அவசரப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நாலு இடத்தில் நட்டுப் பார்த்தார். நாலு இடத்திலும் தாங்கியது. பெரிய ஆபீஸில் இருந்து வந்தவர்கள் அவர் கையைக் குலுக்கினார்கள்.

அந்தச் செடிக்கென்று தனியாக ஒரு பதிவேடு போட வேண்டியிருந்தது. முதல் பக்கத்தில் கண்டெடுத்தவர் என்று ஒரு கட்டம். ஆபீசர் அதைக் காலியாக விட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. பதிவேடு இரண்டு நாள் என் மேசையில் இருந்தது. மூன்றாம் நாள் மை நிரப்பிக்கொண்டு, என் அழகான கையெழுத்தில், அவர் பெயரை எழுதினேன்.